கண்ணாடிக்கு வெளியே குளவி

புதிதாக வேன் ஓட்ட வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வளைவில் எப்போது ஹோர்ன் அடிப்பது, பனிமூட்டத்தில் எந்த லைட்டைப் போடுவது, எந்த ஹோட்டலில் சாரதிக்குச் சோறு சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. சொன்னாலும் நீங்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அப்போது போன் இல்லாததால் ஜன்னலைப் பார்த்தேன்.

என்னை ஓய்வுக்கு அனுப்பியது வயது இல்லை, முதுகெலும்பு. மலைநாட்டு வளைவுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கியே அது கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நுவரெலியா ரோட்டு மெப்பா?" என்றார். அதோடு ஸ்டியரிங்கை விட்டேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். ஒருமுறை இறம்பொடை இறக்கத்தில் பிரேக் தீய்ந்து வாடை அடித்தது. பயணிகள் என்ன வாடை என்று கேட்டார்கள். "யாரோ கருவாடு சுடுறாங்க" என்றேன். கேட்ட அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, நல்ல கருவாடு இல்லை என்று சொன்னார். வேன் நிற்கும் வரைக்கும் கருவாட்டைப் பற்றி நான் சொல்லாத கதை இல்லை. அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது சுத்தமான நடுக்கம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், பயப்படாதவன் சொல்லும் கதை இது இல்லை என்று உங்களுக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அருவி காட்டுவோம், தேயிலை ஃபெக்டரி காட்டுவோம், நடுவில் ஒரு வளைவில் வேனை ஓரங்கட்டிக் கொழுந்து எடுக்கும் பெண்களைக் காட்டுவோம். பின்னால் லயம், அதாவது அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், தெரிய வேண்டும். தகரக் கூரை, கூரைமேல் வைத்த கல், வாசலில் வரிசையாகக் குடம் எல்லாம் படத்தில் விழ வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பயணிகளின் முகம் மாறும். 'நாம் எவ்வளவு நன்றாக இருக்கிறோம்' என்று ஒரு கனிவு வரும். அதோடு வேனில் ஏறினால் அன்று முழுக்கக் குறை சொல்ல மாட்டார்கள். ஏசி ஓடாவிட்டாலும் சொல்ல மாட்டார்கள். ஹோட்டலில் சுடுதண்ணீர் வராவிட்டால்கூடச் சிரித்துக்கொள்வார்கள். அதனால் ஏசி கெட்டுப்போன நாட்களில் நான் கூடுதலாக ஒரு லயம் காட்டுவேன்.

இதில் என்னை நான் எந்தப் பக்கமும் சேர்த்துக்கொண்டதில்லை. நான் ஹட்டன் டவுன்காரன். அப்பாவுக்கு ஒரு சின்னத் தையல் கடை. வேன் லீசிங்கில், வீடு வாடகையில். வசதிக்காரன் வேனுக்குள்ளே, தோட்டத்து ஆள் வெளியே, நான் நடுவில் நின்று படம் காட்டுகிறவன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். பிரச்சினை வந்தால் நடுவில் நிற்க இடமே இல்லை என்பது ஒரு நாள் காலையில் தெரிந்தது.

அன்று வேனில் வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. யாழ்ப்பாணத்து ஆட்கள், லண்டனில் குடியிருக்கிறார்கள். ஐயாவுக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் செய்து அதிக காலம் ஆகவில்லை. அவர்களுடைய மகள் லண்டனிலிருந்து எனக்கே போன் எடுத்து, "அப்பாவுக்கு ஒரு அதிர்ச்சியும் வரக்கூடாது, வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லியிருந்தது. அதனால் குழி வரும் முன்பே நான் ஐயாவிடம் அறிவித்துவிடுவேன்: "ஐயா, ஒரு குழி வருது. நல்ல குழி. பழகுன குழிதான்."

அம்மா நல்ல மனது உள்ளவர். நோர்வூட் தாண்டியதும் ஒவ்வொரு லயத்தையும் பார்த்து, "ஐயோ, உந்த வீடுகளைப் பாருங்கோப்பா. நாங்கள் எவ்வளவு குடுத்து வைச்சனாங்கள்" என்றார்.

"காலமையிலயிருந்து உதைத்தான் சொல்லுறீர்" என்றார் ஐயா.

என் வழக்கமான வளைவு வந்தது. நிறுத்தினேன். ஐயா வேனிலேயே இருந்துகொண்டார். அம்மாவோடு நான் இறங்கினேன். தோட்டத்தில் தேயிலை நட்ட சரிவை மலை என்றுதான் சொல்வார்கள். அந்த மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு என்னைத் தெரியும். அதிலும் மாரியாயி என்று ஒரு பெண் இருந்தது. அதன் வாய்க்கு முன்னால் என் வாய் வாயே இல்லை.

"வாங்கண்ணே" என்றது. "இன்னிக்கி யாரக் கூட்டியாந்தீங்க, எங்களப் பாத்து அழுவுறதுக்கு?"

"லண்டன்லேர்ந்து வந்துருக்காங்க. மரியாதையா அழுவாங்க."

அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். மாரியாயி கயிற்றை அவர் நெற்றியில் வைத்து விட்டது.

"அம்மாடி, என்ன பாரமடா பிள்ளை!"

"இது வெறுங்கூடம்மா. நெறஞ்ச பொறகு சொல்லுங்க."

அம்மா கூடையைக் கழற்றிவிட்டுக் கண் கலங்கி நின்றார். பழக்கத்தில், "நாங்கள் உண்மையாவே குடுத்து வைச்சனாங்கள்" என்றார்.

மாரியாயி கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டது: "அப்ப எங்களுக்கு யாரும்மா குடுத்து வைக்காம போனது?"

பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கியது. நான் உள்ளே புகுந்தேன். "ஒங்களுக்குத்தான் என்னையக் குடுத்து வச்சிருக்காங்களே!"

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். எங்களுக்குக் குடுத்து வைக்கலன்னு."

சிரிக்காமல் ஒரே ஒரு பெண் தள்ளி நின்று கொழுந்து எடுத்துக்கொண்டு இருந்தது. அது யார் என்று கேட்டேன்.

"அது எம் நாத்தனா, சரசு. எங்கிட்டப் பேச மாட்டாங்க. அவங்க சேவல் எங்க தக்காளியத் தின்னுச்சு, அத நான் வெரட்டுனேன். சேவலுக்கு மனசு நொந்துபோச்சாம்."

அம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடியும் முன்பு மலை உச்சியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"குளவி! படுங்கடி! ஓடாதீங்க, படுங்க!"

உச்சியில் நின்ற பெரிய மரத்தில் கூடு இருந்திருக்கிறது. பருந்து கலைத்ததோ காற்று கலைத்ததோ, யாருக்கும் தெரியாது. கறுப்புப் புகை மாதிரி ஒன்று சரிவில் இறங்கி வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். ஓடக்கூடாது. இருந்த இடத்தில் குப்புறப் படுத்து, இடுப்பில் சுற்றியிருக்கும் தடித்த படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் தெரியும். எத்தனையோ பயணிகளுக்கு அதை நடித்தே காட்டியிருக்கிறேன். அன்று நான் ஓடினேன். ஒரு செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மாவைக் காப்பாற்றி வேனுக்குள் ஏற்றினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா சொல்லும்போது, "தம்பி என்னை முந்திப் போய் உள்ளுக்கு இருந்து கை தந்தவர்" என்பார். இரண்டும் உண்மைதான். கை கொடுத்தேன் அல்லவா?

கதவைச் சாத்தினேன். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினேன். குளவிகள் கண்ணாடியில் வந்து மோதின, கல்மழை பெய்கிற மாதிரி.

மலையில் பெண்கள் ஆங்காங்கே படங்குக்கு அடியில் அசையாமல் கிடந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஆனால் சரசு மட்டும் படுக்கவில்லை. படங்கை அவிழ்க்கும்போது கால் சறுக்கி, ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்துவிட்டது. படங்கு மேலே தேயிலைச் செடியில் சிக்கிக் கிடந்தது. கானுக்குள் இரண்டு கை மட்டும் முகத்தைச் சுற்றி அடித்துக்கொண்டு இருந்தது.

தன் படங்குக்குள் பத்திரமாகக் கிடந்த மாரியாயி எழும்பியது. நேரே கானுக்குள் குதித்துத் தன் படங்கைச் சரசுவின் மேல் போட்டு, அதற்கு மேல் தான் குப்புற விழுந்தது. அதன் முதுகை மூட ஒன்றும் இல்லை. தலையை மூடவும் ஒன்றும் இல்லை.

பேசாத நாத்தனார் என்று சிரித்துக்கொண்டு சொன்ன வாய், தம்பி. அந்தச் சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருந்தது.

அந்தக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் விரல் கதவுப் பூட்டின் மேல் இருந்தது. லீசிங், வாடகை, முதுகுவலி என்று தினமும் புலம்புகிற நான், உள்ளே. மாரியாயி வெளியே. நடுவில் நிற்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்தேனே, அந்த இடம் எங்கே? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் நான். எனக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. அதைவிடப் பெரிய வசதியை அதற்குமுன் நான் எந்த ஹோட்டலிலும் பார்த்ததில்லை.

"தம்பி, திறவும்" என்றார் ஐயா.

நான் திரும்பினேன். மகளின் குரல் காதில் கேட்டது, ஒரு அதிர்ச்சியும் வரக்கூடாது என்று. குளவி உள்ளே வந்தால் இந்த மனிதரின் இருதயம் என்ன ஆகும்? என் வாய் திறந்துகொண்டது. "ஐயா, இது ரிசர்வ் பண்ணின வேன், நடுவழியில ஆள் ஏத்தக்கூடாது…"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? திறவும் எண்டுறன்!"

"ஒங்க மக…"

"மகளுக்கு நான் சொல்லுறன்! அவளுக்கு நான்தான் அப்பன்!"

இங்கே கவனியுங்கள். ஐயா சொன்னபடி நின்ற இடத்தில் கதவைத் திறந்திருந்தால் நாங்களும் கடி வாங்கியிருப்போம், கானுக்குள் கிடந்தவர்களும் வேன் வரை வந்திருக்க மாட்டார்கள். நல்ல மனது ஒரு பக்கம், செய்கிற முறை ஒரு பக்கம். எனக்கு அந்த நேரத்தில் யோசிக்கத் தெரியவில்லை. அதனால் யோசிப்பதை விட்டுவிட்டேன். கைக்கு மட்டும் ஒரு சின்ன வேலை கொடுத்தேன்: எஞ்சினைப் போடு. போட்டது. அடுத்த சின்ன வேலை: ஐயாவையும் அம்மாவையும் கம்பளியால் மூடு. குளிருக்கு என்று வேனில் வைத்திருந்த கம்பளிகள். மூடினேன். அடுத்தது: பின்னால் எடு. வாய் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டு இருந்தது. "லண்டன் பயணிகள் கவனத்துக்கு, இப்ப நாங்க ரிவர்ஸ்ல போறோம், இடது பக்கம் கான், வலது பக்கமும் நல்லா இல்ல…" கம்பளிக்குள் இருந்து அம்மா, "வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கோ தம்பி!" என்று கத்தினார்.

பக்கக் கதவு கானுக்கு நேராக வரும்படி ஒட்டி நிறுத்தினேன். ஒரு கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கதவை இழுத்தேன். வேனுக்கும் கானுக்கும் இடையில் ஒரு அடி எடுத்துவைக்கக்கூட இடம் இல்லை. அப்படியே குனிந்து மாரியாயியின் கையைப் பிடித்தேன். அது வர மாட்டேன் என்றது.

"அவங்கள மொதல்ல!" என்றது. "அண்ணே, அவங்கள மொதல்ல!"

சரசுவை நான் இழுக்க, அது கீழே இருந்து தள்ள, கம்பளியை உதறிவிட்டு ஐயா வந்து தோளைப் பிடித்தார். அந்த இருதயத்தோடு. பிறகு மாரியாயி ஏறியது. கதவைச் சாத்தாமலே முன்னால் பாய்ந்து எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, கிடைத்த வேகத்தில் வேனை விட்டேன். காற்று அடித்துக் குளவிகளை வெளியே தள்ளியது. தள்ளாத சில என் கழுத்தில் இறங்கின. அம்மாவுக்குக் கையில் ஒன்று. கடித்த இடத்தில் யாரோ சூட்டுக்கோல் வைத்த மாதிரி இருந்தது. ஒன்றுக்கே இப்படி என்றால்? கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மாரியாயியின் முகம் எது கண், எது வாய் என்று தெரியாமல் வீங்கிக்கொண்டு வந்தது. சரசுவுக்கு மூச்சு இழுத்தது. அம்மா அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, என்னைப் பார். கண்ணை மூடக்கூடாது. என்னைப் பார்" என்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வழி முழுக்க வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் அன்று கிளினிக் நாள். வராந்தா முழுக்கச் சனம். நாங்கள் இறங்கியதும் ஒரு உதவியாளர் தள்ளுநாற்காலியோடு ஓடி வந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் நேரே அம்மாவிடம் போனார். அம்மாவின் சப்பாத்து, கண்ணாடி, வீங்கிய கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நோனா, வாடிவென்ன" என்றார். அம்மணி, உட்காருங்கள் என்று சிங்களத்தில் சொல்கிறார். மற்ற இரண்டு பேருக்கும் சனம் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்த வாங்கைக் காட்டினார்.

அவர் கெட்டவர் இல்லை. நானும் தினமும் அதைத்தானே செய்தேன்? யார் முந்த வேண்டியவர், யார் காத்திருக்க வேண்டியவர் என்று உடுப்பைப் பார்த்தே முடிவு செய்கிற பழக்கம்.

சண்டை போட நேரம் இல்லை. கெஞ்சினாலும் நேரம் போகும். என் வாய் திறந்துகொண்டது. ஆனால் இந்தமுறை அது எனக்காகத் திறக்கவில்லை. சரசுவைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னேன்: "மே நோனாகே நங்கி." இது இந்த அம்மாவின் தங்கச்சி. லண்டனில் இருந்து எல்லோரும் ஒரே குடும்பமாக வந்தார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த மனிதர் சரசுவைப் பார்த்தார். தலையில் கட்டிய துணி, சேறு படிந்த கால், விரல் இடுக்கில் கொழுந்துக் கறை. என்னைப் பார்த்தார். நான் கண் சிமிட்டாமல் நின்றேன், சிமிட்டினால் அழுதுவிடுவேன் என்பதால். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் நடப்பது விளங்கிவிட்டது.

"ஓம்" என்றார் அம்மா, சரசுவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "என்ர தங்கச்சி. முதல் அவ. பிறகு மற்றவ. நான் கடைசி." தமிழில்தான் சொன்னார். அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஐயா அதற்குள் நாற்காலியைத் திருப்பிச் சரசுவை அதில் உட்கார வைத்துவிட்டார்.

மாரியாயி வாங்கில் சாய்ந்தபடி, வீங்கிய உதட்டால் முனகியது: "அண்ணே, அப்ப நானும் லண்டனா?"

"நீ பாரிஸ். பேசாம இரு."

ஊசி, சேலைன், ஒட்சிசன். டொக்டர் வெளியே வருவதற்குள் நான் எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்தேன் என்று இன்றுவரை முழுக்க நினைவு வரவில்லை. தீராத கடன் எங்காவது இருக்கும். டொக்டர் வந்து, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சரசுவைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். மற்றவருக்கும் பயமில்லை என்றார். ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பிறகு தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி கொழுந்து லொறியில் மற்றப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடி வாங்காதவர்கள் இல்லை, ஆனால் படங்கு அவர்களைக் காப்பாற்றியிருந்தது. யாரோ மாரியாயியின் சாப்பாட்டுப் பையையும் எடுத்துவந்து கட்டிலில் வைத்தார்கள்.

லண்டன்காரர்கள் அன்று பிடிக்க வேண்டியிருந்த ரயில் அதற்குள் ஹட்டனை விட்டுப் போயிருக்கும். அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அம்மா சரசுவின் கட்டில் அருகிலேயே இருந்தார். சரசு கண் திறந்தபோது முதலில் தெரிந்தது அந்த முகம்தான்.

"இது யாரு?" என்று கேட்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்து மாரியாயி பதில் சொன்னது. இவ்வளவு நாளும் பேசாத நாத்தனாரிடம். "இது ஒங்க லண்டன் அக்கா. எழும்பிக் கும்புடுங்க."

சரசு அம்மாவின் பக்கம் தலையைத் திருப்பியது. நாக்கு இன்னும் தடித்துத்தான் இருந்தது. மெதுவாகக் கேட்டது: "அக்கா, சாப்ட்டீங்களா?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். சரசு மாரியாயியின் பக்கம் கண்ணைக் காட்டியது. மாரியாயி சாப்பாட்டுப் பையைத் தள்ளிவிட்டது. கோதுமை ரொட்டியும் கட்டச்சம்பலும். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, வீங்கிய விரலால் பிய்த்துச் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணும் மூக்கும் ஒழுகியது. போதும் என்று சொல்லவில்லை. ஐயாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். உறைப்புக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தது எனக்கு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு பிளேன்டீ வாங்கப் போனேன்.

அந்த வாரமே எனக்கு ஓட்டம் தருகிற ஆபீசுக்குப் போனேன். தோட்டப் பாதையில் போகிற நாட்களில் என் வேனின் பின் வரிசையை நிரப்ப மாட்டேன் என்று சொன்னேன். மனேஜர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த சீட்டுல யாரு வருவாங்க?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கு ஏன்யா சீட்டு?"

"தெரிஞ்சா புக்கிங் போட்டுருவீங்களே."

அவர் சிரிக்கவில்லை. ஓட்டம் குறைந்தது. வீட்டில் ஒரு மாதம் எனக்குக் குழம்பில் உப்பில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பிடித்து நின்ற விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

உங்கள் பயணிகள் லயத்தைப் பார்த்து இரங்கட்டும், தங்கள் நல்ல காலத்தை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும். தப்பில்லை. ஆனால் சாத்திக்கொள்ளக் கதவு கிடைத்தவனுக்கு வாயால் நன்றி சொல்வது மட்டும் போதாது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஒரு கையால் எப்படி இழுப்பது, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பயம் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பயம் வந்தபிறகு உங்களுக்கும் வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

அதற்குப் பிறகு அந்தப் பின் வரிசையில் யார் யாரோ வந்தார்கள். அகரப்பத்தனைப் பக்கத்தில் இடுப்பு வலி கண்ட ஒரு பிள்ளைத்தாச்சி. மழையில் பஸ்ஸை விட்டுவிட்டுப் பரீட்சைக்கு ஓடிய பிள்ளைகள். கால் முறிந்த ஒரு கங்காணி, வழி முழுக்க என் டிரைவிங்கைக் குறை சொன்னவர். ஒருமுறை காய்ச்சல் கண்ட ஒரு ஆடுகூட வந்தது. இறங்கும்போது அது நன்றி சொல்லவில்லை, சீட்டு உறையில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. கிழிந்ததைத் தைத்துக்கொண்டு மறுநாளும் அந்த வரிசையைக் காலியாகவே ஓட்டினேன். நீங்களும் ஓட்டுங்கள்.